நாலு சைக்கிள், நாலு பெட்டி, ஒரே ஒரு டூல் பை

பன்னிரண்டு நாள் சைக்கிள் பயணத்துக்குத் திட்டம் போட்டோம். மிதிப்பதற்கு முந்தைய சில நாட்களில் நடந்ததுதான் இந்தப் பதிவு. பாதை, ஏற்றம், இறக்கம், காற்று பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நாலு பேரும் நாலு வண்டியும் தொடங்குமிடத்துக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய வேலை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம்.

முதலில் ஆட்கள். வயதில் மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவருடையது இரும்பு ஃபிரேம், ரிம் பிரேக், பழைய கழுத்து ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் உறுப்பு) போட்ட வண்டி. அதை மாற்றச் சொன்னால் கோபம் வரும். அடுத்தவன் கணக்கு. எதற்கும் பட்டியல் போடுகிறவன் என்பதால் அந்தப் பெயர். நாலு பேரில் அவன் வண்டிதான் புதுசு, இலேசு: அலுமினியம், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் த்ரூ ஆக்சில் (சக்கரத்தின் நடுவே நுழைத்து முறுக்கும் தண்டு). மூன்றாவது தோழி, அவள் வண்டியும் டிஸ்க், த்ரூ ஆக்சில். நான்காவது நான். என்னுடையது இரும்பு டூரிங் வண்டி, கம்பி இழுக்கும் டிஸ்க், லீவரைத் திருப்பினால் கையாலேயே கழலும் குவிக் ரிலீஸ் சக்கரம்.

எப்படிக் கொண்டுபோவது என்பதில் இரண்டு வாரம் ஓடியது. காரின் பின்னால் மாட்டும் சட்டத்தில் வைத்தால் ஒன்றையும் கழற்ற வேண்டாம். ஆனால் பயணம் முடியும் இடம் வேறு, காரை யார் போய் எடுத்து வருவது? ரயிலில் ஏற்ற முடிந்தால் அதுதான் உத்தமம். எங்கள் தூரத்துக்கு இரண்டு இரவு ஆகும், நாலு பேருக்கும் ஒன்றாக அவ்வளவு விடுப்பு கிடைக்கவில்லை. கடைசியில் விமானம் என்று முடிவானது. விமானம் என்றால் பெட்டி.

கெட்டியான பிளாஸ்டிக் சைக்கிள் பெட்டியை ஒருவரிடம் இரவல் கேட்டு வைத்திருந்தோம். பிறகுதான் உறைத்தது, தொடங்கும் ஊரில் அதை எங்கே போடுவது? வட்டமாகச் சுற்றி அதே இடத்துக்குத் திரும்பும் பயணம் என்றால் தங்குமிடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். நேர்கோட்டுப் பயணத்துக்கு அட்டைப்பெட்டிதான் சரி. பிரித்ததும் மடித்துப் போட்டுவிடலாம். புது சைக்கிள் வந்து இறங்கும் கடைகளில் இந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போகக் காத்திருக்கும். ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் நீளம், 80 உயரம், 20 அகலம். கேட்கும்போது உள்ளே வரும் பிளாஸ்டிக் சமாச்சாரங்களையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே செருகும் கட்டை, ஆக்சில் முனைக்கு மாட்டும் மூடி.

கழற்றும் வேலையை ஒரு சனிக்கிழமை என் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டோம். ஒரு வண்டிக்கு முக்கால் மணி நேரம் என்று கணக்கு பட்டியலில் எழுதியிருந்தான். முதல் வண்டிக்கே இரண்டரை மணி நேரம் போனது. அதில் ஒரு மணி நேரத்தைத் தின்றது பெடல்.

பெடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலது பெடல் எல்லாத் திருகும் போலத்தான், இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ். பந்து பேரிங்கின் உராய்வு மட்டும்தான் காரணம் என்றால் மரையின் திசை எதிர்மாறாக இருந்திருக்க வேண்டும். நாம் மிதிக்கும்போது பெடல் தண்டின் மேல் விழும் பாரம், கிராங்கின் (பெடல் மாட்டும் கையின்) துளைக்குள் சுற்றிச் சுற்றி இடம் மாறுகிறது. தண்டு துளையைவிட ஒரு மயிரிழை சிறியது என்பதால், துளைச் சுவரில் உருண்டு பாரத்துக்கு எதிர்த்திசையில் மெல்லத் திரும்புகிறது. அந்த உருளல் பேரிங் உராய்வைவிடப் பலமானது. அதனால்தான் இடப்பக்கத்துக்கு இடது மரை போட்டார்கள், மிதிக்க மிதிக்க இறுகும். கழலாத பெடல் என்று 1900-லேயே இதைத் தங்கள் சைக்கிள்களில் கொண்டுவந்தவர்கள் ரைட் சகோதரர்கள். மூன்று வருடம் கழித்து விமானத்தைப் பறக்கவிட்ட அதே இருவர். அவர்கள் கழலக்கூடாது என்று செய்ததை, அவர்களுடைய இன்னொரு கண்டுபிடிப்பில் ஏற்றுவதற்காகக் கழற்ற முடியாமல் மாடியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தோம்.

இடது வலது குழப்பமே வேண்டாம் என்றால் அண்ணன் சொல்லும் வழி: ஸ்பேனரைப் பெடலில் மாட்டி நேர் மேலாக நிறுத்து, பின்சக்கரம் பக்கம் இழு. இரண்டு பக்கமும் அதே. இழுக்கும்போது செயின் பெரிய பல்சக்கரத்தின் மேல் இருக்கட்டும். கை வழுக்கினால் பல்லில் தோல் போகாமல் செயினில் இடிக்கும். தோழியின் இடது பெடல் ஐந்து வருடமாகக் கிரீஸ் காணாதது. கடைசியில் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகி, அவள் பிரேக்கைப் பிடிக்க, நான் குழாயில் தொங்க, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது.

"ஒடைஞ்சிருச்சாடா?"

"இல்ல, கழண்டுருச்சு."

"ரெண்டுக்கும் ஒரே சத்தமா இருக்கே."

மற்றவை அவ்வளவு பாடுபடுத்தவில்லை. ஹேண்டில்பாரை ஸ்டெமின் முகத்தகட்டைக் கழற்றி எடுத்து, கம்பிகளை அறுக்காமல் அப்படியே ஃபிரேமின் மேல்குழாய் ஓரமாகத் தொங்கவிட்டோம். ஹைட்ராலிக் குழாய் எங்கேயும் சுள்ளென்று மடியக்கூடாது, அதை மட்டும் பார்க்க வேண்டும். ஸ்டெமை முழுதாகக் கழற்றாதவரை நல்லது. கழற்றினால் ஃபோர்க் கீழே நழுவும், பேரிங் வளையங்கள் எந்த வரிசையில் இருந்தன என்ற ஆராய்ச்சி தொடங்கும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த துளையிலேயே திருப்பி நாலு சுற்று முறுக்கி வைத்தோம். தனிப் பொட்டலத்தில் போடும் போல்ட்டுக்குக் கால் முளைக்கும். சீட் போஸ்ட்டை இறக்குவதற்கு முன் உயரத்தைக் குறிக்க ஃபிரேம் விளிம்பில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. இந்த டேப் பின்னால் என்னைப் பழிவாங்கியது.

கியர் மாற்றும்போது செயினைப் பல் விட்டுப் பல் தள்ளும் டீரெய்லர்தான் பெட்டியில் முதலில் அடிபடும் உறுப்பு. பின்பக்கம் வலது ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதைத் தாங்கும் ஹேங்கர் வேண்டுமென்றே மெத்தென்ற அலுமினியத்தில் செய்யப்படுகிறது. அடி விழுந்தால் ஃபிரேம் தப்பிக்கட்டும், இது வளையட்டும் என்ற ஏற்பாடு. ஆகவே டீரெய்லரை 5 மில்லி ஆலன் கீயால் (வளைந்த அறுகோணக் கம்பியால்) ஹேங்கரிலிருந்து கழற்றி, செயினோடு சேர்த்துப் பழைய துணியில் சுற்றி, பின் முக்கோணத்துக்கு உள்ளே கட்டிவிட்டோம். மூன்று வண்டிகளுக்கு. கணக்கு மட்டும், "பெரிய பல்லுக்கு கியரை மாத்திட்டா டீரெய்லர் உள்ளே ஒடுங்கிடும், அது போதும்" என்றான். ஒடுங்கும் என்பது உண்மை. போதுமா என்பதற்குப் பதில் பின்னால் கிடைத்தது.

கட்டுவதற்கு ஜிப் டை வாங்கி வைத்திருந்தோம். அண்ணன் வேண்டாம் என்றார். பஞ்சரான டியூப்களை நீளவாக்கில் கீறி, இரண்டு விரல் அகலத்தில் ரப்பர் பட்டைகளாக ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். அவற்றால் கட்டினால் அவிழ்க்கக் கத்தி தேவையில்லை. கத்தி பெட்டிக்குள்தானே இருக்கும்? திரும்பி வரும்போதும் அதே பட்டை உதவும். இந்தப் பயணத்துக்கு நாங்கள் சேர்த்ததிலேயே பைசா செலவில்லாத, ஆனால் மிகவும் உருப்படியான பொருள் அதுதான்.

டிஸ்க் பிரேக் வண்டிகளில் சக்கரத்தை எடுத்ததும், டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கும் பேட்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் வழியில் யாராவது லீவரை அழுத்த, பிஸ்டன் வெளியே வந்து பேட்கள் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் துண்டு இல்லையென்றால் தடித்த அட்டையை மடித்துச் செருகி ரப்பர் பட்டையால் கட்டலாம். செருகினால் மட்டும் போதாது, கட்ட வேண்டும்.

டயர் காற்றைப் பற்றி மாடியில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. மேலே போனால் வெடித்துவிடும் என்று தோழி. கணக்கு கணக்குப் போட்டான். வெளியே காற்றே இல்லாத வெற்றிடத்துக்குப் போனாலும் டயருக்குக் கூடுதலாக வருவது ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 15 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு. 60 பிஎஸ்ஐ அடித்த டயர் 75-ஐத் தாங்காதா? அதிலும் சரக்கு அறை பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டது, உண்மையான வித்தியாசம் மூன்று நாலு பிஎஸ்ஐதான். அவன் சொன்னது சரி. ஆனால் கவுண்டரில் நிற்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி ஜெயிக்க முடியாது, பல நிறுவனங்கள் காற்றைக் குறைக்கச் சொல்கின்றன. பாதி இறக்கினோம். முழுக்க இறக்கினால் பெட்டி கீழே விழும்போது ரிம் நேராகத் தரையில் இடிக்கும்.

அடுத்தது எடை. எங்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பு பெட்டிக்கு 23 கிலோ. 140 சென்டிமீட்டர் பெட்டியைக் குளியலறைத் தராசில் நிறுத்த முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நின்று, பிறகு நம் எடையைக் கழிக்க வேண்டும். என் வண்டி ரேக்கோடு 14.5, பெட்டியும் பொதியும் 3. ரேக்கில் தொங்கும் பன்னியர் பைகள், கூடாரம், தூங்கும் பை என்று திணித்ததும் 22.8. அண்ணனுடையது 23.4, தோழியுடையது 22. கணக்கின் பெட்டி மட்டும் 18 கிலோவிலேயே நின்றது.

அங்கேதான் பிசகினோம். அதில் ஐந்து கிலோ இடம் இருக்கிறது, டூல் எல்லாவற்றையும் அதில் போட்டால் மற்ற மூன்றும் வரம்புக்குள் வந்துவிடும் என்று கணக்கு சொன்னான். நாலு பேரிடமும் ஆளுக்கொரு ஆலன் கீ செட், பெடல் ஸ்பேனர், செயின் கட்டர் இருந்தன. எதற்கு நாலு பெட்டியில்? ஒரே பை போதுமே. ஆளுக்கொரு பம்பும் அப்படியே. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டோம், 2.1 கிலோ. என் ஹேண்டில்பார் பையில் எப்போதும் கிடக்கும் 150 கிராம் மடக்கு டூலைக்கூட, கைப்பையில் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து அதே பையில் போட்டேன். நாலு பேருக்கும் அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. பட்டியலில் 'பொது டூல்' என்று எழுதி டிக் அடித்தான்.

பேட்டரி விஷயம் பெட்டிக்கு நேர் எதிர். பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக்கூடாது. 100 வாட் மணி வரை பொதுவாகத் தகராறு இல்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் மணி. டயருக்கு அடிக்கும் சிறு கார்பன் டை ஆக்சைடு குப்பியை விட்டுவிட்டே போனோம், அனுமதி கேட்டு நிற்கும் நேரத்துக்குக் கையால் அடித்துவிடலாம். அடுப்பு கேஸ் குப்பியை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

விமான நிலையம் போன கதையில் சொல்ல ஒன்றே ஒன்றுதான். வேன் பேசும்போது பின்கதவின் அகலத்தைக் கேட்டோம், உள்நீளத்தைக் கேட்கவில்லை. நாலு பெட்டியையும் நிமிர்த்தி வைக்க இடமில்லாமல் இரண்டைப் படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். கீழே இருந்தது கணக்கின் பெட்டி. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி வரைந்ததே நாங்கள்தான், அதை மீறிய முதல் ஆட்களும் நாங்கள்தான்.

போய் இறங்கியபோது இரவு ஒன்பதரை. பெரிய சாமான் வரும் தனிக் கதவில் ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, மூன்று பெட்டி. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

எது வரவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

இடையில் விமானம் மாறும் இடத்தில் பெட்டி ஏறவில்லை, மறுநாள் வரும் என்றார்கள். ஒரு நல்ல காரியம் செய்தோம். சாமான் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்து, எண்ணோடு நகல் வாங்கினோம். வெளியே வந்தபின் நிரூபிப்பது பெரும்பாடு. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் சர்வதேசப் பயணமென்றால், சாமான் சேதத்துக்குக் கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். கணக்கு பெட்டிக்குள் ஒரு சின்ன புளூடூத் டிராக்கர் போட்டிருந்தான். பெட்டி முந்தைய விமான நிலையத்திலேயே இருப்பதாக அது காட்டிக்கொண்டிருந்தது. உதவியோ இல்லையோ, உயிரோடு இருக்கிறது என்ற நிம்மதி.

தங்குமிடம் போய்ப் பெட்டிகளைப் பிரித்து, மூன்று வண்டிகளையாவது பூட்டிவிடலாம் என்று உட்கார்ந்தோம். ரப்பர் பட்டைகளை அவிழ்த்தோம். அதற்குமேல் கை ஓடவில்லை. என் சக்கரங்களும் அண்ணனுடையவையும் குவிக் ரிலீஸ் என்பதால் கையாலேயே மாட்ட முடிந்தது. தோழியின் த்ரூ ஆக்சிலுக்கு 6 மில்லி வேண்டும். ஹேண்டில்பாருக்கு 4. டீரெய்லருக்கு 5. அண்ணனின் கழுத்து ஸ்டெமுக்கு 6. பெடலுக்கு 15 மில்லி ஸ்பேனர். அறை முழுக்க சைக்கிள், ஒரு திருகைத் திருப்பக் கையில் ஒன்றுமில்லை. மறுநாள் விடுமுறை, கடைகள் கிடையாது.

"ஆளுக்கொரு செட் இருந்துச்சேடா நம்மகிட்ட," என்றார் அண்ணன். கணக்கு தலையைத் தொங்கப்போட்டான். அவனைச் சொல்லி என்ன, தலையாட்டியது நாலு பேரும்தான்.

தோழிதான் மேசையைக் குனிந்து பார்த்தாள். துண்டு துண்டாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் மேசை. இப்படிப்பட்ட மேசையோடு ஒரு ஆலன் கீ வரும், பூட்டியவர் அதைத் தூக்கிப்போட மனசில்லாமல் எங்காவது வைத்திருப்பார் என்பது அவள் வாதம். இழுப்பறையின் பின்மூலையில், பழைய ரசீதுகளுக்கு அடியில், வளைந்த ஒரு கம்பி. எடுத்துச் செருகிப் பார்த்தோம். 5 மில்லி.

ஐந்து மில்லி என்றால் பெரும்பாலும் எம்6 (6 மில்லி தடிமன்) போல்ட், டீரெய்லர் போல்ட்டின் தலைக்கும் அதே சாவிதான். அந்த ஒற்றைக் கம்பியால் மூன்று வண்டிகளின் டீரெய்லர், என் சீட் கிளாம்ப் எல்லாவற்றையும் முடித்தோம். டீரெய்லரைத் திருப்பிப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பின்புறம் ஒரு சிறு நாக்கு இருக்கும், அது ஹேங்கரின் படிக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். முன்னால் மாட்டிக்கொண்டு முறுக்கினால் நாக்கு நசுங்கும், கியர் ஒருநாளும் சரியாக விழாது. அரைத்தூக்கத்தில் நான் அதைச் செய்யப்போய், அண்ணன் கையைத் தட்டிவிட்டார். மற்றபடி எம்5 போல்ட்டுகளுக்கு 4 மில்லி வேண்டும், அது இல்லை. பெடலைக் கையால் முடிந்தவரை முறுக்கி மெதுவாக ஓட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். தண்டு இரும்பு, கிராங்க் அலுமினியம். தளர்வாக மிதித்தால் தின்னப்படுவது கிராங்கின் மரை, அது போனால் கிராங்கே போச்சு. படுத்துத் தூங்கினோம்.

பெட்டி மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வந்தது. ஒரு மூலை கிழிந்து, யாரோ வேறு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பிரிப்பதற்கு முன் ஆறு பக்கமும் படம் எடுத்தோம். டூல் பை பத்திரமாக இருந்தது. வண்டியில் மூன்று காயம். முன்சக்கர டிஸ்க் ரோட்டர், அதாவது பேட்கள் பிடிக்கும் வட்டத் தகடு, வளைந்திருந்தது. பின்பக்க பேட்களுக்கு நடுவே வைத்த பிளாஸ்டிக் துண்டு விழுந்து, பேட்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, நாங்கள் செருகினோம், கட்டவில்லை. மூன்றாவது, ஒடுங்கி நின்ற டீரெய்லரோடு சேர்ந்து ஹேங்கர் உள்பக்கம் சாய்ந்திருந்தது.

பிஸ்டன் சுலபம். டயர் லீவரின் தட்டை முனையை நடுவே விட்டு, அவசரப்படாமல் இரு பக்கமும் சமமாகத் தள்ளினால் உள்ளே போய்விடும். உலோக ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வேண்டாம், பேட்டின் முகம் கீறும். ரோட்டருக்கு ஒரு சுத்தமான அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் போதும். சக்கரத்தைச் சுற்றவிட்டு எங்கே உரசுகிறதோ அங்கே பேனாவால் குறி, ஸ்பேனரின் வாயைத் தகட்டின் தடிப்புக்கு இறுக்கி, கொஞ்சமாக நிமிர்த்து, மறுபடி சுற்று. எண்ணெய்க் கை படக்கூடாது. முக்கால் மணி நேரத்தில் உரசல் சத்தம் 'சிக்... சிக்' என்ற அளவுக்கு இறங்கியது, மீதியை முதல் இறக்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

ஹேங்கர்தான் ரசமான வேலை. கணக்கு உதிரி ஹேங்கர் கொண்டுவந்திருந்தான், பட்டியலில் டிக்கும் இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தால் துளை பொருந்தவில்லை. ஹேங்கர் வடிவங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரே பெயருள்ள வண்டிக்கு அடுத்த வருடமே வேறு வடிவம் வரும். வாங்கியவுடன் ஒருமுறை மாட்டிப் பார்க்காத உதிரி, உதிரியே இல்லை. ஆக, வளைந்ததையே நிமிர்த்த வேண்டும். அதற்கென்று ஹேங்கரில் முறுக்கி ரிம்மோடு தூரம் அளக்கும் கருவி உண்டு, எங்களிடம் இல்லை.

அண்ணன் தன் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். குவிக் ரிலீஸ் கம்பியை உருவினார். கூம்பும் பந்தும் வைத்த பழைய ஹப்பின் பின் ஆக்சில் பெரும்பாலும் 10 மில்லி தடிமன், 1 மில்லி மரை இடைவெளி. ஹேங்கரில் டீரெய்லர் ஏறும் துளையும் அதே அளவு, அதே மரை. டீரெய்லரை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் தன் சக்கரத்தின் இடப்பக்க ஆக்சில் முனையை வைத்துக் கையால் முறுக்கினார். ஏறியது! இப்போது கணக்கின் வண்டியில் பின்னால் இரண்டு சக்கரங்கள், ஒன்றையொன்று பார்த்தபடி. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டு ரிம்களுக்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். மேலே அளந்தோம், கீழே அளந்தோம், முன், பின். கீழே இருந்ததைவிட மேலே இரண்டு விரல் கூடுதல். சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலே இருப்பதை ஒரு தள்ளு. அளவு. இன்னொரு அரைத் தள்ளு. அளவு. அலுமினியம் ஒருமுறை வளைந்ததை ஒருமுறை நிமிர்த்தத் தாங்கும். முன்னும் பின்னும் ஆட்டினால் விரிசல் விடும். மூன்றாவது தள்ளலில் நாலு பக்கமும் ஏறக்குறைய சமம். அண்ணன் எதுவும் பேசாமல் தன் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். 'பழைய வண்டி' என்று அதன்பிறகு யாரும் சொல்லவில்லை.

மீதிப் பூட்டல் இரவு பதினொன்று வரை போனது. கணக்கின் ஸ்டெமை மட்டும், பெட்டி உயரம் போதாமல், முழுதாகக் கழற்றியிருந்தோம். அதைப் பூட்டும் வரிசை முக்கியம்: முதலில் மேல்மூடித் திருகை ஆட்டம் போகும்வரை மட்டும், பிறகு ஸ்டெமைச் சக்கரத்தோடு நேர்பார்த்து, கடைசியில் பக்கவாட்டுப் போல்ட்டுகள். மாற்றிச் செய்தால் மூடித் திருகு எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் போகாது. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முகத்தகட்டின் நாலு போல்ட்டையும் பெருக்கல் குறி வரிசையில், மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கும்படி முறுக்கினோம். இங்கே 5 நியூட்டன் மீட்டர் அளவுதான், விரல் நுனி பலம். பெடலுக்கு 35 முதல் 40, முழங்கை பலம். இந்த முறை எல்லாப் பெடல் மரையிலும் கிரீஸ்.

அடுத்த நாள் காலை, ஒரு நாள் பிந்தி, கிளம்பினோம். கிளம்பும் முன் பைகளைப் பிரித்து அடுக்கினோம். ஆளுக்கொரு மடக்கு டூல், அதில் 4, 5, 6 மில்லியும் நட்சத்திர முனை டி25-உம் இருக்க வேண்டும். பம்ப் ஆளுக்கொன்று. திரும்பும் பயணத்துக்கு விதி: எந்தப் பெட்டி வந்தாலும் அந்தப் பெட்டியில் இருப்பதை வைத்தே அந்த வண்டி ஓட வேண்டும். கூடுதல் எடை தலைக்கு 400 கிராம்கூட இல்லை, ஒரு சட்டையை விட்டால் சரியாகிவிடும். உள்பக்கம் 8 மில்லி ஆலன் துளை இருக்கும் பெடலாக மாற்றினால் 15 மில்லி ஸ்பேனரையும் ஒழிக்கலாம் என்று கணக்கு பட்டியலின் கடைசியில் எழுதிக்கொண்டான். இனி டிக் அடிப்பது மட்டும் தோழி.

மேசையின் ஆலன் கீயை இழுப்பறையில் அதே மூலையில் ரசீதுகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தோம்.

பதினொன்றாவது கிலோமீட்டரில் என் முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால், சீட் உயரத்துக்கு நான் சுற்றிய டேப் பெட்டிக்குள்ளேயே இரண்டு சென்டிமீட்டர் நழுவியிருந்தது. நான் அந்தத் தவறான குறியைப் பார்த்து ஒழுங்காக உட்காரவைத்திருக்கிறேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மடக்கு டூலை நீட்டினார்கள்.